வங்காளத்துக் காந்தாக்களுக்கு ஒரு பதிவேடு

கொல்கத்தாவின் தென்மேற்கு விளிம்பில், ஜோகாவில் இருக்கிறது குருசதய் அருங்காட்சியகம். அங்குள்ள, காந்தா எனப்படும் பழைய தையல் போர்வைகளுள் ஒன்றை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அதைத் தைத்தவர் மானதாசுந்தரி தாசி. தன் தந்தைக்காகத் தன் கையாலேயே தைத்த செய்தியை அந்தப் போர்வையிலேயே அவர் நூலால் எழுதிவிட்டார். அதனால்தான் அவர் பெயர் இன்று நமக்குத் தெரிகிறது. டாக்காவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் லண்டனிலும் உள்ள பழைய காந்தாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஊசிவேலையின் நேர்த்தியைப் பார்த்து வியக்கலாம். ஆனால் தைத்தவர் யார், எந்த ஊர், யாருக்காகத் தைத்தார், நடுத் தாமரைக்குப் பக்கத்தில் தேரை எதற்காக வைத்தார் என்று கேட்டால் பதில் கிடைக்காது. துணி மக்கிப்போனதால் நேர்ந்த இழப்பு இல்லை இது. துணி பத்திரமாகவே இருக்கிறது. அது கைமாறிய நேரத்தில் இரண்டு கேள்வி கேட்டு எழுதிவைக்க ஆள் இல்லாததால் நேர்ந்த இழப்பு. வங்காளத்தின் காந்தா மரபைக் காக்க வேண்டுமென்றால் இன்னும் வீடுகளில் மிஞ்சியிருக்கும் போர்வைகளை, இருக்கிற இடத்திலேயே, அவற்றைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவு செய்வதுதான் முதல் வேலை என்பது என் வாதம். வாங்கிச் சேர்ப்பதும் சந்தை தேடிக்கொடுப்பதும் அதற்குப் பிறகு வர வேண்டியவை.

காந்தா என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது கைவினைக் கண்காட்சிகளில் விற்கும் 'காந்தா ஒர்க்' பட்டுப் புடவையாக இருக்கும். அது மிக அண்மைக்கால வடிவம். பழைய காந்தா, உடுத்தி உடுத்தி நைந்து மெத்தென்று ஆன பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீவி, விளிம்பை மடித்து, முதலில் நீளத் தையலால் அடுக்குகளை நகராமல் பிடித்து, பிறகு நுணுக்கமான ஓட்டுத்தையலால் முழுக்க நிரப்பிச் செய்த போர்வை. நூலையும் கடையில் வாங்கவில்லை. பழம்புடவையின் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமாக இழை இழையாக உருவிக்கொண்டார்கள். புடவையின் உடல் வெள்ளை, கரை வண்ணம் என்பதால்தான் பழைய காந்தாக்கள் பெரும்பாலும் வெள்ளைத் தளத்தில் இந்தச் சில நிறங்களோடு காணப்படுகின்றன. நடுவில் தாமரை, நான்கு மூலைகளில் மரம் அல்லது மாங்காய் வடிவம், இடையில் படகு, தேர், யானை, சங்கு, மீன், சீப்பு, பாக்குவெட்டி என்று வீட்டிலும் வெளியிலும் கண்டதெல்லாம் வந்து அமரும். விக்டோரியா ராணியின் தலை பொறித்த நாணயமும் சீட்டுக்கட்டின் ராஜா ராணியும்கூட வந்திருக்கின்றன. பயனுக்கு ஏற்ப வகைகள் உண்டு. குளிர்காலத்துக்குக் கனமான லேப், விருந்தினருக்கும் விசேஷங்களுக்கும் விரிக்கும் சுஜனி, புத்தகமும் மதிப்புள்ள பொருளும் பொதிந்துவைக்கும் பாய்தன், கண்ணாடியும் சீப்பும் சுருட்டிவைக்கும் ஆர்சிலதா, தலையணை உறை, ஆசனம், குர்ஆன் உறை. இந்துப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் தைத்தார்கள். குழந்தை பிறந்தால் புதுத்துணியில் கிடத்தாமல் பழந்துணிக் காந்தாவில் கிடத்துவது வழக்கம். கண்ணேறு அண்டாது என்ற நம்பிக்கை ஒரு காரணம், நைந்த துணியின் மென்மை இன்னொன்று.

இப்படிப்பட்ட ஒன்றுக்கு எழுத்துச் சான்று இல்லாமல் போனதற்குக் காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்தின் சாத்காவ் துறைமுகப் பகுதியிலிருந்து, வெண்பருத்தியில் மஞ்சள் டஸ்ஸர் பட்டு நூலால் தைத்த பெரிய போர்வைகளைப் போர்த்துகீசியர் கொண்டு போனார்கள். அவற்றில் சில இன்றும் லிஸ்பனிலும் லண்டனிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. விற்பனைச் சரக்கு என்பதால் அவை வணிகர்களின் எழுத்துகளில் இடம்பெற்றன. அதே மண்ணில் வீட்டுக்கென்று தைத்த காந்தா விலைக்கு வரவில்லை, அதனால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தாய் மகளுக்கும் பாட்டி பேரனுக்கும் கொடுத்ததற்கு யார் ரசீது எழுதுவார்கள்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆலைத்துணி மலிந்து, இந்த வேலை தேயத் தொடங்கிய பிறகுதான் படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில்ஹெட் பகுதியில் 1882-இல் பிறந்து, ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்காள மாவட்டங்களில் பணியாற்றிய குருசதய் தத், பயணம் போன ஊர்களிலெல்லாம் பட ஓவியச் சுருள்கள், மரச்சிற்பங்கள், பொம்மைகள் ஆகியவற்றோடு காந்தாக்களையும் திரட்டினார். ஜோகாவில் இருப்பது அந்தத் திரட்டுத்தான். தாகூரின் அழைப்பில் சாந்திநிகேதனுக்கு வந்து, பிறகு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்த காந்தாக்கள் அவரோடு ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்றன. 1939-இல் அவர் எழுதிய கட்டுரை, காந்தாவைக் கலையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்த முன்னோடி எழுத்துகளில் ஒன்று. இந்த இருவரும் இல்லையென்றால் இன்று காட்டுவதற்குக்கூட அதிகம் இருந்திருக்காது. அந்த நன்றியோடுதான் சொல்கிறேன்: அவர்கள் தேடியது வங்காளத்தின் கிராமக் கலையை, ஒரு குறிப்பிட்ட பெண்ணின் வேலையை அன்று. கலை கிடைத்தது, பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு ஆள் கேட்டு எழுதியிருந்தால் என்ன வேறுபாடு ஏற்பட்டிருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் தெளிவான சான்று இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்தவர் ஹாரியட் பவர்ஸ். பைபிள் காட்சிகளைத் துணித்துண்டுகளால் ஒட்டித் தைத்த அவருடைய போர்வை 1886-இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். ஹாரியட் மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துக் குடும்பக் கஷ்டத்தில் அவரே பத்து டாலர் கேட்டுக் கொண்டுவந்து, ஐந்து டாலருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பேரம் நெஞ்சை உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் ஜென்னி ஸ்மித் ஒரு பெரிய காரியம் செய்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது என்ன என்று ஹாரியட் சொன்னதை எழுதிவைத்தார். தன் போர்வையைப் பார்க்க ஹாரியட் மீண்டும் மீண்டும் வந்ததையும் குறித்தார். அந்தப் போர்வை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. பாஸ்டனில் இருக்கும் அவருடைய இன்னொரு போர்வைக்கும் கட்டங்களின் விளக்கம் நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்த பெண் உலகத்தை எப்படிப் பார்த்தார் என்பதற்குத் துணியும் விளக்கமும் சேர்ந்து சாட்சியாக நிற்கின்றன. விளக்கம் இல்லாமல் துணி மட்டும் எஞ்சியிருந்தால், ஒரு கட்டத்தில் இருப்பது யோபுவா யோனாவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருப்பார்கள்.

எழுதப்படாத இடம் காலியாக இருப்பதுமில்லை. யாராவது வந்து அதைக் கதையால் நிரப்பிவிடுகிறார்கள். அமெரிக்க அடிமைகள் தப்பி ஓட வழிகாட்டும் சங்கேதக் குறிகள் போர்வைகளில் தைக்கப்பட்டிருந்தன என்று 1999-இல் வெளிவந்த ஒரு நூல் சொன்னது. அதை உறுதிப்படுத்தும் சமகாலச் சான்று ஏதும் கிடைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்குள் அந்தக் கதை பள்ளிக்கூடப் பாடம்வரை போய்விட்டது. காந்தாவுக்கும் இதே ஆபத்து வந்துகொண்டிருக்கிறது. 'பழங்காலக் காந்தா' என்ற பெயரில் உலகச் சந்தையில் குவிவனவற்றில் பல, பழம்புடவைகளை மொத்தமாக வாங்கி ஏற்றுமதிக்கென்று அவசரமாக நீளத்தையல் போட்டவை. பழையது துணி மட்டும்தான். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரே அர்த்தம் சொல்லும் அட்டைகளும் அவற்றோடு வருகின்றன. தாமரை என்றால் இது, மீன் என்றால் இது என்று எல்லாப் பெண்களும் ஒரே அகராதியைப் பார்த்துத் தைத்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் ஃபரித்பூர்ப் பெண் ஒருத்தி மீனைத் தைத்தபோது மங்கலத்தை நினைத்தாளா, குளத்தை நினைத்தாளா என்பது அவளைக் கேட்டிருந்தால்தான் தெரியும்.

வீட்டுப் போர்வைகளைப் பதிவு செய்வதற்கு நடைமுறையில் சோதித்துப் பார்த்த முறை ஒன்று உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பழம்போர்வைகளை வெளியூர் வியாபாரிகள் வண்டி வண்டியாக வாங்கிப் போவதைக் கண்டு கவலைப்பட்டவர்களில் புரூஸ் மான் என்ற போர்வை வியாபாரியும் ஒருவர். அவர் இறந்த பிறகு, அவருடைய எண்ணத்தை எடுத்துக்கொண்டு ஷெல்லி ஜெகார்ட் உள்ளிட்ட சிலர் 1981-இல் கென்டக்கி போர்வைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் அழகு அதன் எளிமையில் இருந்தது. ஊர் ஊராக ஒரு நாளை அறிவித்தார்கள். மக்கள் தங்கள் வீட்டுப் போர்வையைக் கொண்டுவந்தார்கள். அங்கேயே படம் எடுத்து, அளந்து, குடும்பத்தார் சொன்ன விவரத்தை எழுதிக்கொண்டு, போர்வையை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். யாரிடமிருந்தும் எதையும் வாங்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்வைகள் இப்படிப் பதிவாயின. அவற்றிலிருந்து தேர்ந்தவற்றைக் கொண்டு 1982-இல் ஒரு கண்காட்சியும் நூலும் வந்தன. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக அந்த முறையைப் பின்பற்றின. பதிவுகளில் பல பின்னர், 2003 முதல், இணையத்தில் யாரும் பார்க்கக்கூடிய பொது அட்டவணையில் சேர்ந்தன. இதில் ஒரு குறையும் உண்டு. 'கொண்டுவாருங்கள்' என்று அழைத்தால், கொண்டுவரத் தகுந்தது என்று குடும்பம் கருதிய நல்ல போர்வைதான் வரும். கிழிந்து ஒட்டுப்போட்டு அன்றாடம் புழங்கியது வராது, ஏழைகளும் வரத் தயங்குவார்கள். வங்காளத்தில் இதைச் செய்யும்போது, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு உட்கார்ந்தால் போதாது. வீட்டுப் படியேறிப் போக வேண்டும். கேட்பவர்களில் பெண்கள் இருக்க வேண்டும். அந்த மாவட்டத்துப் பேச்சு அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

எதையெல்லாம் எழுதுவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பல நல்ல முயற்சிகள் ஓர் அழகான படத்தோடு நின்றுவிடுகின்றன. காந்தாவை நேர்வெளிச்சத்தில் படம் எடுத்தால் அதன் உயிரே தெரியாது. நெருக்கமான ஓட்டுத்தையல் துணியைச் சுருக்கி அலை அலையாக எழுப்பியிருக்கும். பக்கவாட்டில் இருந்து சாய்வாக வெளிச்சம் விழுந்தால்தான் அந்த அலையும், தையல் எந்தத் திசையில் ஓடியது என்பதும், கை மாறிய இடமும் புலப்படும். பின்புறத்தையும் எடுக்க வேண்டும். தேர்ந்த கைகள் தைத்த சிலவற்றில் இருபுறமும் ஒன்றுபோலவே இருக்கும், அந்தத் திறமைக்குப் பின்புறமே சான்று. நீள அகலம், அடுக்குகளின் எண்ணிக்கை, துணி கைத்தறியா ஆலைத்துணியா, நூல் கரையிலிருந்து உருவியதா கடை நூற்கண்டா, வண்ணம் கசிந்திருக்கிறதா என்பவை அடுத்தவை. காலத்தைக் கணிக்க இவைதான் துணை. செயற்கைச் சாயம் 1856-க்குப் பிறகுதான் உலகத்துக்கு வந்தது என்பதால், அப்படிப்பட்ட சாயம் ஏறிய நூல் உள்ள காந்தாவை அதற்கு முற்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தைக்கப்பட்ட எழுத்துகள் இருந்தால் எழுத்துப்பிழையோடு அப்படியே பெயர்த்தெழுத வேண்டும். பேசுகிறபடியே எழுதிய அந்தப் பிழைகள், எந்தத் தலைமுறையில் எந்தப் பெண் எவ்வளவு எழுத்து கற்றிருந்தாள் என்பதற்கு ஆவணம். பிறகு வடிவங்களின் பெயரை வீட்டார் சொல்லும் சொல்லிலேயே எழுதுவது, யார் யாருக்கு எந்தச் சமயத்தில் கொடுத்தது, எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது, எங்கே எப்போது ஒட்டுப்போட்டார்கள் என்று கேட்பது. பேச்சை ஒலியாகவும் பதிய வேண்டும். 'தெரியாது' என்று அவர்கள் சொன்னால் அதையும் எழுத வேண்டும். ஊகித்து நிரப்பும் உரிமை பதிபவருக்குக் கிடையாது.

இதற்கு முதல் மறுப்பு மிக நியாயமானது. காந்தா தேய்வதற்கென்றே பிறந்தது, தேய்ந்த புடவை போர்வையாகி, போர்வை தேய்ந்து குழந்தைத்துணியாகி, பிறகு கந்தலாகி மண்ணுக்குப் போவதுதான் அதன் வாழ்க்கை, அதைக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்துவது அதன் இயல்புக்கே விரோதம் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. வங்காளக் கவிஞர் ஜசீமுத்தீனின் 1929-ஆம் ஆண்டுக் காவியமான 'நக்ஷி காந்தார் மாட்'டில், கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கைக் கதையைக் காந்தாவில் தைத்து, தான் இறந்ததும் அதைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்கிறாள். வங்காளிகளின் மனத்தில் காந்தா போய்ச்சேரும் இடம் அலமாரி அன்று. ஆனால் இந்த மறுப்பு பாய்வது வாங்கிப் பூட்டிவைப்பதன் மீது. பதிவு செய்வதன் மீது பாயவில்லை. பதிந்த பிறகு போர்வை வீட்டுக்கே திரும்புகிறது. விருப்பப்பட்டவர் போர்த்திக்கொள்ளலாம், குழந்தைக்கு விரிக்கலாம், கிழியும்வரை புழங்கலாம். வைத்திருக்க விரும்புகிறவருக்கு இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுக்கலாம்: வெயிலில் தொங்கவிடாதீர்கள், ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் வைத்தால் மடிப்புக்கோட்டில் இழை அறும், சுத்தமான பருத்தித்துணி சுற்றிய உருளையில் சுருட்டிவையுங்கள், அந்துருண்டை நேராகத் துணியில் படக் கூடாது. அதற்குமேல் அந்தப் பொருளின் விதியை முடிவு செய்ய வெளியாருக்கு உரிமையில்லை. தேய்ந்துபோவது இயல்பு என்று ஒப்புக்கொள்கிறவர்தான் பதிவுக்கு அவசரப்பட வேண்டும்.

இரண்டாவது மறுப்பு சந்தையைக் காட்டும். காந்தா எங்கே அழிந்தது, முன்னெப்போதையும்விட அதிகமாக விற்கிறதே என்பார்கள். 1971 விடுதலைப் போருக்குப் பிறகு வங்கதேசத்தில் ஆதரவிழந்த பெண்களுக்கு வருமானம் தேடித்தர நக்ஷி காந்தாவை, அதாவது வடிவங்கள் தைத்த காந்தாவை, அமைப்புகள் கையில் எடுத்தன. 1978-இல் தொடங்கிய ஆரோங் கடைகள் அதை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுபோயின. மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்து ஊர்களில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தைக்கிறார்கள். காந்தாக் கலைஞர்களான பிரீத்திகணா கோஸ்வாமிக்கு 2023-இலும் தக்தீரா பேகத்துக்கு 2024-இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. இவை எல்லாம் மனம் நிறையப் பாராட்ட வேண்டியவை. ஊசியால் ஒரு குடும்பம் சோறு உண்கிறது என்பதற்குமேல் ஒரு கலைக்கு என்ன மரியாதை வேண்டும்? என்றாலும், சந்தை எதைக் காத்தது என்று பார்த்தால், காத்தது தையலை. அடுக்கு போய்விட்டது, புதுப் பட்டு அல்லது டஸ்ஸர் ஒற்றைத் துணியில் தைக்கிறார்கள். கரைநூல் போய், கடை நூற்கண்டு வந்தது. ஒருவர் வரைந்த வடிவத்தைத் துளையிட்ட காகிதத்தின் வழியாக மண்ணெண்ணெய் கலந்த சாயத்தால் துணியில் பதித்து, வேறு ஒருவர் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் தைக்கிறார். தைப்பவருக்கு எதைத் தைப்பது என்ற தேர்வு இல்லை. இது குற்றச்சாட்டு அன்று, விற்பனைக்குச் செய்வது எதுவும் இப்படித்தான் மாறும். மனத்தில் வந்ததைத் தைத்த பழைய காந்தா எப்படி இருந்தது என்ற நினைவைச் சந்தை சுமக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே செய்தி. அதைச் சுமக்கப் பதிவேடு வேண்டும். இன்னொன்று: இன்று கூலிக்குத் தைக்கும் பெண்ணின் வீட்டிலேயே அவள் பாட்டி தைத்த போர்வை இருக்கக்கூடும். பழைய வடிவங்களுக்காக வடிவமைப்பாளர் வெளிநாட்டு அட்டவணைகளைப் புரட்டும்போது, அந்தப் போர்வை பதிவாகியிருந்தால் வடிவத்தின் உரிமை எங்கே இருக்கிறது என்றாவது எல்லோருக்கும் தெரியும்.

உரிமை என்றதும் மூன்றாவது மறுப்பு எழுகிறது. பதிந்து வெளியிட்டால் இயந்திரத் தையல்காரர்கள் நகலெடுப்பார்கள், எந்த வீட்டில் அரிய துணி இருக்கிறது என்று தரகர்களுக்கு முகவரி கொடுத்தது போலாகும் என்கிறார்கள். தரகர் பயம் உண்மையானது. அதற்குத் தீர்வும் எளிது: வீட்டு முகவரியும் குடும்பப் பெயரும் பதிவில் இருக்கட்டும், வெளியீட்டில் மாவட்டத்தோடு நிறுத்தலாம். தைத்தவரின் பெயரை வெளியிடுவதா என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும். நகலைப் பொறுத்தவரை நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனம், ஹாரியட் பவர்ஸின் போர்வை உட்படத் தன்னிடமுள்ள சிலவற்றின் நகல்களைச் சீனாவில் செய்து விற்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்தது. அமெரிக்கப் போர்வைக் கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். ஸ்மித்சோனியன் இறங்கிவர வேண்டியதாயிற்று. இது யாருடைய வேலை, எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் அந்தக் கோபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. பெயரில்லாத காந்தாவை நகலெடுத்தால் யாருக்காக யார் வழக்காடுவது? மேற்கு வங்கத்துக்கு 2008-இல் நக்ஷி காந்தாவுக்கான புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஒரு பிரதேசத்தின் பெயரைத்தான் காக்கும். அதனால் ஒரு தாமரையை முதலில் இப்படிச் சுழற்றியவள் இந்த ஊர்ப் பெண் என்று நிறுவ முடியாது.

அந்தக் குறியீடு கிடைத்தபோது எல்லைக்கு அப்பாலிருந்து எழுந்த வருத்தம், இந்த வேலையின் உண்மையான சிக்கலைக் காட்டியது. காந்தாவின் பிரதேசம் ஒன்று, அரசுகள் இரண்டு. பழைய காந்தாக்களுக்குப் பேர்போன ஜெஸ்ஸோர், குல்னா, ஃபரித்பூர், ராஜ்சாஹி, மைமன்சிங் எல்லாம் இன்று வங்கதேசத்தில் உள்ளன. அங்கிருந்து சேகரித்தவற்றில் பல, பிரிவினைக்கு முன்பே கல்கத்தாவுக்கு வந்துவிட்டன. 1947-இலும் 1971-இலும் எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை நதியா, இருபத்து நான்கு பர்கனா வீடுகளில் இருக்கின்றன. பதிவேட்டில் 'கிடைத்த இடம்: நதியா' என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். தைத்த ஊர், வந்த வழி, இப்போது இருக்கும் இடம் என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். வங்கதேசத்தில் ஓவியர் ஜெய்னுல் ஆபெதீன் முயற்சியில் 1975-இல் சோனார்காவில் நாட்டார் கலை நிறுவனம் உருவாயிற்று. ஆய்வாளர் நியாஸ் ஜமானின் காந்தாத் தையற்கலை நூல் 1981-இல் வந்தது. ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகம் 2009-இல் கிராம்ரிஷ் சேகரிப்பையும் பானவிட்ஸ் தம்பதியின் சேகரிப்பையும் வைத்து விரிவான நூலோடு கண்காட்சி நடத்தியது. அறிவு மூன்று நாடுகளில் சிதறிக் கிடக்கிறது; ஒரே படிவமும் ஒரே எண்முறையும் இருந்தால் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

பணம் எங்கே என்பது கடைசிக் கேள்வி. குருசதய் அருங்காட்சியகத்துக்கே 2017-க்குப் பிறகு நடுவணரசின் நிதி நின்று, ஊழியர்கள் சம்பளத்துக்குத் தவித்த நிலை வந்தது. இருக்கிற அருங்காட்சியகத்தையே நடத்த முடியாத இடத்தில் ஊர் ஊராகப் பதிவா என்று கேட்பதில் கசப்பு இருக்கிறது, தவறு இல்லை. ஆனால் செலவின் தன்மை வேறு. அருங்காட்சியகத்துக்குக் கட்டடம், காவல், ஈரப்பதக் கட்டுப்பாடு என்று ஆண்டுதோறும் பணம் வேண்டும். பதிவுக்கு வேண்டியது கைப்பேசிக் கேமரா, அளவுநாடா, ஒரு விளக்கு, நல்ல படிவம், பயிற்சி பெற்ற நான்கு பேர். கென்டக்கியில் அதைத் தொடங்கியவர்கள் அரசாங்கம் அல்லர், அக்கறை கொண்ட சில பேர்தான். வங்காளத்தில் கல்லூரிகளின் நாட்டார் வழக்காற்றியல், மனையியல் துறை மாணவிகள் தங்கள் சொந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். காந்தாப் புடவையில் லாபம் பார்க்கும் நிறுவனங்களிடம் அதற்கான செலவைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை. முன்னுரிமை மட்டும் கறாராக இருக்க வேண்டும். போர்வை இன்னும் ஐம்பது ஆண்டு தாங்கக்கூடும். அதைத் தைத்த கையைப் பக்கத்திலிருந்து பார்த்த எண்பது வயதுப் பெண்ணிடம் அடுத்த குளிர்காலத்துக்குள் போய்விட வேண்டும். வெளியாருக்கு அழகாகத் தெரியும் காந்தா எது என்ற தேடலை ஒதுக்கிவிட்டு, சொல்லத் தெரிந்தவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போவதே சரியான வரிசை.

இப்படி ஒரு மாவட்டத்தில் சில நூறு காந்தாக்கள் பெயரோடும் ஊரோடும் பதிவாகிவிட்டால், அருங்காட்சியகங்களில் பெயரில்லாமல் கிடப்பவற்றுக்கும் வழி திறக்கும். மூலையில் மரத்தை வைக்கும் விதம், தாமரை இதழின் எண்ணிக்கை, விளிம்புத் தையலின் பின்னல், எழுத்துகளின் சாய்வு ஆகியவை ஒரு வட்டாரத்தில், சில வேளை ஒரு குடும்பத்தில் வழிவழியாக வருபவை. ஊர் தெரிந்த ஒரு போர்வையோடு ஊர் தெரியாத இன்னொன்றை வைத்துப் பார்க்கும்போது, ஜோகாவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் உள்ள சிலவற்றை எந்தத் துணைப்பிரிவைச் சேர்ந்தவை என்றாவது சொல்லிவிட முடியும். அதிர்ஷ்டம் இருந்தால் எந்தக் கிராமம் என்றும் சொல்லலாம். அந்த ஒப்பீட்டுக்குத் தேவையான வீட்டுச் சான்றுகள் இப்போது நதியாவின், ஜெஸ்ஸோரின் மரப்பெட்டிகளுக்குள் இருக்கின்றன.